பழனி மலைத் தொல்குடிகளின் பண்பாட்டு மரபு

பழனி மலைத் தொல்குடிகளின் பண்பாட்டு மரபு என்பது திண்டுக்கல் மாவட்டத்தின் பழனி மலைத்தொடரில் பெருங்கற்காலம் தொட்டு வாழ்ந்துவரும் மக்களின் நினைவுச் சின்னங்கள், வாழ்முறை, வழிபாடு, வேளாண்மை ஆகியவற்றைக் குறிக்கும். கொடைக்கானலைச் சுற்றியுள்ள கல்திட்டைகள், பளியர், புலையர் ஆகிய மலைக்குடிகளின் வாழ்க்கை, பூம்பாறை போன்ற மேல்மலைச் சிற்றூர்களின் படிக்கட்டு வயல்கள், முருக வழிபாடு ஆகியவை இம்மரபின் முக்கியமான கூறுகள். இம்மக்களில் மிகத் தொன்மையானவர்கள் தங்களைப் பற்றி எழுதி வைக்கவில்லை. அவர்களைப் பற்றிய செய்திகள் கற்களிலிருந்தும், சமவெளிப் புலவர்களின் பாடல்களிலிருந்தும், 19ஆம் நூற்றாண்டுக்குப் பின் வந்த ஆய்வாளர்களின் குறிப்புகளிலிருந்தும் திரட்டப்பட்டவை.

அமைவிடம்

பழனி மலைத்தொடர் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிப் பிரிந்து நீளும் கிளை. கிழக்கு மேற்காக ஏறத்தாழ 65 கிலோமீட்டரும் வடக்கு தெற்காக ஏறத்தாழ 40 கிலோமீட்டரும் பரந்தது. வடக்கே பழனி, தெற்கே பெரியகுளம், கிழக்கே திண்டுக்கல், மேற்கே ஆனைமலையும் கேரளத்தின் மறையூர், வட்டவடைப் பகுதிகளும் இதன் எல்லைகள். இம்மலையின் உயர்ந்த பகுதி பழைய ஆவணங்களில் வராககிரி என்றும் குறிப்பிடப்பட்டது.

உள்ளூர் மக்கள் இம்மலையை மேல்மலை, கீழ்மலை என இரண்டாகப் பிரிக்கின்றனர். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை, கூக்கால் ஆகியவை மேல்மலை ஊர்கள். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, ஆடலூர், பன்றிமலை ஆகியவை கீழ்மலை ஊர்கள். மேல்மலை குளிரும் புல்வெளியும் சோலைக்காடும் கொண்டது. கீழ்மலை காப்பி, மிளகு, ஏலக்காய், மலை வாழை ஆகியவை விளையும் பகுதி. இம்மலையின் பண்பாட்டைப் புரிந்துகொள்ள இந்தப் பிரிவு உதவும். கல்திட்டைகள் பெரும்பாலும் கீழ்மலையிலும் இடைப்பட்ட சரிவுகளிலும் காணப்படுகின்றன. படிக்கட்டு வேளாண்மையின் முழு வடிவத்தை மேல்மலையில் பார்க்கலாம்.

பூம்பாறை கொடைக்கானலிலிருந்து மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலைச் சரிவில் ஒன்றையொன்று ஒட்டிய வீடுகளும், அவற்றைச் சுற்றிக் கீழிறங்கும் படிக்கட்டு வயல்களும் இவ்வூரின் தோற்றம்.

பெருங்கற்காலச் சின்னங்கள்

பழனி மலையில் மனிதர்கள் நிலையாக வாழ்ந்ததற்குக் கண்ணுக்குத் தெரியும் தொன்மையான சான்றுகள் கல்திட்டைகள். மூன்று அல்லது நான்கு பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல்லை வைத்து அமைக்கப்பட்ட அறை கல்திட்டை. இதே அமைப்பு நிலத்துக்கு அடியில் இருந்தால் கற்பதுக்கை எனப்படும். சுற்றிலும் உருண்டைக் கற்கள் வட்டமாக அடுக்கப்பட்டிருந்தால் கல்வட்டம். தாண்டிக்குடி, பெருமாள்மலை, பேத்துப்பாறை, மச்சூர் ஆகிய ஊர்களின் சுற்றுப்புறங்களில் இத்தகைய சின்னங்கள் உள்ளன.

பழனி மலையின் கல்திட்டைகள் பல வெறும் பாறைகளின் மேல், தொலைதூரம் பார்வைக்கு எட்டும் மேடுகளில் கட்டப்பட்டவை. அடியில் தோண்ட மண் இல்லாத இடத்தில் இவை அமைந்திருப்பதால், இறந்தவரை அப்படியே புதைப்பதற்காக இவை கட்டப்பட்டிருக்க முடியாது. எலும்புகளைப் பின்னர் சேகரித்து வைக்கவோ, இறந்தவரின் நினைவைப் போற்றவோ இவை பயன்பட்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

தமிழகத்தின் பல பகுதிகளில் மக்கள் கல்திட்டைகளைப் பாண்டவர் வீடு, வாலியர் வீடு, குள்ளர் வீடு என்று அழைக்கின்றனர். மலையின் மேற்குப் புறத்தில், கேரளத்தின் மறையூரில் உள்ள கல்திட்டைகளுக்கு முனியறை என்று பெயர். இப்பெயர்களில் எதுவும் கட்டியவர்களின் பெயர் அல்ல. கட்டியவர் யார் என்ற நினைவு அழிந்த பின்னர், வனவாசம் வந்த பாண்டவர்களையும் தவம் செய்த முனிவர்களையும் குள்ள மனிதர்களையும் கொண்டு மக்கள் அந்த இடத்தை நிரப்பினர்.

செண்பகனூர் சேசு சபையைச் சேர்ந்த ஆங்க்லாட் அடிகளாரும் நியூட்டனும் இக்கல்திட்டைகளை முறையாகத் தேடி, அளந்து, வரைந்து பதிவு செய்தனர். அவர்களது நூல் இந்தியத் தொல்லியல் துறையின் ஆய்வுத் தொகுதி வரிசையில் 36ஆம் எண்ணாக 1928-ல் வெளிவந்தது. பழனி மலைத் தொல்லியலுக்கு இன்றும் அடிப்படை நூல் அதுவே. அதன் பின்னர் சிதைந்துபோன சின்னங்களின் வடிவத்தை அறிய அந்த நூலின் படங்களும் அளவுகளும் உதவுகின்றன. 1895-ல் நிறுவப்பட்ட செண்பகனூர் அருங்காட்சியகத்தில் மலையின் தாவரங்கள், விலங்குகளுடன் தொல்பொருட்களும் பாதுகாக்கப்படுகின்றன.

தாண்டிக்குடியும் பொருந்தலும்

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தொல்லியல் அறிஞர் கா. ராஜன் தலைமையிலான குழு தாண்டிக்குடியில் அகழாய்வு செய்தது. ஈமச் சின்னங்களில் கறுப்பு சிவப்பு மட்பாண்டங்கள், இரும்புப் பொருட்கள், சூதுபவள மணிகள் ஆகியவை கிடைத்தன. சூதுபவளம் இம்மலையில் கிடைப்பதில்லை. அது குஜராத், தக்காணம் போன்ற தொலைவான பகுதிகளிலிருந்து வணிகத்தின் வழியாக வர வேண்டிய பொருள். ஆகவே பெருங்கற்கால மலைமக்கள் வெளியுலகத் தொடர்பற்ற தனிக்கூட்டம் அல்லர் என்பது தெளிவாகிறது. மிளகு, ஏலக்காய், தேன் போன்ற மலைப் பொருட்களை அவர்கள் கொடுத்து மணிகளைப் பெற்றிருக்கலாம் என்று கருதப்படுகிறது. பாண்டிய நாட்டையும் சேர நாட்டையும் இணைத்த வழிகள் இம்மலையைக் கடந்தும் அதன் அடிவாரத்தைத் தொட்டும் சென்றன.

மலையின் வடக்கு அடிவாரத்தில், பழனிக்கு அருகில் உள்ள பொருந்தலில் 2009, 2010 ஆண்டுகளில் நடந்த அகழாய்வு இந்த வணிகத்தின் மறுபக்கத்தைக் காட்டியது. அங்கு கண்ணாடி மணிகள் செய்ததற்கான சான்றுகளும் பெரும் எண்ணிக்கையில் மணிகளும் கிடைத்தன. ஓர் ஈமச் சின்னத்தில் நெல்மணிகள் நிறைந்த கலமும், தமிழி எழுத்துகள் பொறித்த பிரிமனையும் இருந்தன. அந்த நெல்லின் காலம் கரிமப் பகுப்பாய்வில் பொ.யு.மு. 490 என்று கணிக்கப்பட்டது. தமிழி எழுத்தின் காலத்தை அசோகருக்கு முன் கொண்டுசெல்லும் சான்றாக இது முன்வைக்கப்படுகிறது. எனினும் காலக்கணிப்பு குறித்த விவாதம் ஆய்வாளர்களிடையே தொடர்கிறது.

அடிவாரத்தில் எழுத்தும் நெல்லும் மணித் தொழிலும், மலைமேல் கல்திட்டையும் மணிகளும் என்ற இந்த இணைப்பு முக்கியமானது. மலையும் சமவெளியும் ஒரே பொருளியல் வலையின் இரு முனைகளாக இருந்தன என்பதை இது உணர்த்துகிறது.

சங்க இலக்கியத்தில்

பழனியின் பழைய பெயர் பொதினி என்று கருதப்படுகிறது. அகநானூற்றின் முதல் பாடல் நெடுவேள் ஆவி என்ற தலைவனையும் அவனுடைய பொதினியையும் குறிப்பிடுகிறது. ஆவியர் குடியில் வந்தவன் வையாவிக் கோப்பெரும் பேகன். கடையெழு வள்ளல்களில் ஒருவனான இவன், மயிலுக்குப் போர்வை அளித்தவன் என்று போற்றப்படுகிறான். அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தபோது கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகியோர் அவளிடம் திரும்பச் செல்லுமாறு வேண்டிப் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன.

கோடை மலைக்குத் தலைவனாகக் கடிய நெடுவேட்டுவன் புறநானூற்றில் இடம்பெறுகிறான். அவனைப் பாடியவர் பெருந்தலைச் சாத்தனார். கோடை என்பது கொடைக்கானல் பகுதியைக் குறிக்கும் என்பது அறிஞர் பலரின் கருத்து. வேட்டுவன் என்ற பெயரே அவன் வேட்டைக்குடித் தலைவன் என்பதைக் காட்டுகிறது.

இப்பாடல்கள் மலைத் தலைவர்களைப் பற்றியவை. ஆனால் பாடியவர்கள் பரிசில் நாடி வந்த புலவர்கள். தேன் எடுப்பதும் கிழங்கு அகழ்வதும் தினைப்புனம் காப்பதும் குறிஞ்சித் திணையின் கருப்பொருட்களாக இலக்கியத்தில் நிலைபெற்றன. அவற்றைச் செய்த மக்களின் சொந்தக் குரல் அந்த இலக்கியத்தில் நேரடியாகப் பதிவாகவில்லை.

மலைக்குடிகள்

பளியர்

பளியர் பழனி மலை, வருசநாட்டு மலை, ஏலமலை ஆகிய பகுதிகளில் வாழும் பழங்குடியினர். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பட்டியல் பழங்குடியாக அறிவிக்கப்பட்டவர்கள். இவர்களின் பேச்சு தமிழோடு மிக நெருக்கமானது. பழையர் என்ற சொல்லே பளியர் என்று திரிந்தது என்ற கருத்து உண்டு.

காட்டு வள்ளிக்கிழங்கு பளியரின் மரபான முதன்மை உணவு. கூர்மையான கோலால் கிழங்கை அகழ்ந்து, கொடியின் தலைப்பகுதியை மீண்டும் மண்ணில் விட்டுவருவது வழக்கம். அடுத்த பருவத்தில் அதே இடத்தில் கிழங்கு கிடைக்கும். உயர்ந்த பாறைகளில் கொடிகளால் ஆன ஏணியில் இறங்கி, புகையிட்டுத் தேன் எடுப்பதில் இவர்கள் தேர்ந்தவர்கள். கடுக்காய், நெல்லி, கல்பாசி போன்ற காட்டுப் பொருட்களைச் சேகரித்து விற்பது பிற்காலத்தில் முக்கிய வருவாயானது. குறிஞ்சி பூக்கும் 12 ஆண்டுச் சுழற்சியைக் கொண்டு வயதைக் கணக்கிடும் வழக்கம் இவர்களிடம் இருந்ததாகக் குறிப்பிடப்படுகிறது. கொடைக்கானலில் நீலக்குறிஞ்சி 2006-லும் 2018-லும் பூத்தது.

பளிச்சியம்மன் பளியரின் முதன்மைத் தெய்வம். மரத்தடியில் நடப்பட்ட கற்களே தெய்வ உருவங்கள். நோயும் துன்பமும் வரும்போது சாமியாடியின் மீது தெய்வம் இறங்கி வழிகாட்டும் என்பது நம்பிக்கை.

பளியரைப் பற்றிய முதல் விரிவான கட்டுரைகளில் ஒன்றை டாமன் அடிகளார் 1908-ல் ஆந்த்ரோபோஸ் இதழில் எழுதினார். அமெரிக்க மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1960களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் இவர்களை ஆய்வு செய்தார். பளியர் வன்முறையையும் போட்டியையும் தவிர்ப்பவர்கள், எவரும் எவர்மீதும் அதிகாரம் செலுத்தக்கூடாது என்று கருதுபவர்கள் என்று அவர் பதிவு செய்தார். குழந்தையை அடிப்பதும் அவமதிப்பாகவே பார்க்கப்பட்டது. சண்டை மூளும் நிலையில் ஒருவர் இடத்தை விட்டு விலகிச் செல்வது கோழைத்தனமாகக் கருதப்படவில்லை, முறையான நடத்தையாகவே ஏற்கப்பட்டது. வேட்டை இறைச்சி சமமான பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. அமைதியான சமூகங்களைப் பற்றிய உலகளாவிய மானுடவியல் விவாதங்களில் பளியர் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகின்றனர்.

விலகிச் செல்லும் இந்தப் பண்பே பளியருக்கு இழப்பையும் தந்தது. வேளாண் குடிகளும், பின்னர் தோட்ட முதலாளிகளும் வனத்துறையும் மலைக்கு வந்தபோது பளியர் எதிர்த்து நிற்காமல் மேலும் உள்ளே நகர்ந்தனர். அவர்கள் நகர்ந்து விட்ட இடங்களில் அவர்களுக்கு உரிமை இருந்தது என்பதைக் காட்டும் எழுத்துச் சான்று எதுவும் எஞ்சவில்லை.

புலையர்

புலையர் மலையின் மற்றொரு தொல்குடி. மலைப்புலையர் என்றும் அழைக்கப்படுகின்றனர். குன்னுவர் வருகைக்கு முன்னரே இவர்கள் மலையில் வாழ்ந்தனர் என்று 19ஆம் நூற்றாண்டு ஆவணங்கள் கூறுகின்றன. குன்னுவரின் நிலங்களில் பண்ணையடிமைகளாக இவர்கள் வைக்கப்பட்டிருந்ததை ஜே. எச். நெல்சன் 1868-ல் வெளிவந்த தன் மதுரை நாட்டு வரலாற்று நூலில் பதிவு செய்தார். மேல்மலையின் வயல்களைப் பற்றிப் பேசும்போது இந்த உழைப்பின் வரலாறும் சேர்த்தே நினைவுகூரப்பட வேண்டியது. மேளமும் குழலும் ஆட்டமும் புலையரின் திருவிழாக்களிலும் இறப்புச் சடங்குகளிலும் முக்கிய இடம் பெறுகின்றன.

குன்னுவர்

குன்னுவர் மேல்மலையின் முதன்மையான வேளாண் குடியினர். குன்றில் வாழ்பவர் என்ற பொருளில் இப்பெயர் அமைந்தது. மன்னாடியார் என்ற பட்டமும் இவர்களுக்கு உண்டு. தாராபுரம், காங்கேயம் பகுதிகளிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் பஞ்சத்தாலோ போராலோ இடம்பெயர்ந்து மலையேறினர் என்பது இவர்களின் குல மரபுச் செய்தி. நெல்சனும் எட்கர் தர்ஸ்டனும் இதைப் பதிவு செய்துள்ளனர். சமவெளியின் வேளாண் அறிவு மலைச் சரிவுக்கு ஏற்ப மாற்றப்பட்டதில் இவர்களின் பங்கு பெரியது.

கீழ்மலை ஊர்களில் காராளர் வேளாளரும், வணிகத்துக்காக வந்த செட்டியார்களும் பிற சமூகத்தாரும் குடியேறினர். மலையின் இன்றைய பண்பாடு இவர்கள் அனைவரின் கலப்பில் உருவானது.

பூம்பாறையின் மரபு

குழந்தை வேலப்பர் கோயில்

பூம்பாறையின் நடுவே குழந்தை வேலப்பர் கோயில் உள்ளது. முருகன் இங்கு குழந்தை வடிவில் வழிபடப்படுகிறார். அருணகிரிநாதர் இக்கோயில் மண்டபத்தில் உறங்கியபோது அவரைக் கொல்ல ஓர் அரக்கி வந்ததாகவும், காவி உடுத்த தாயருகே ஒரு குழந்தை உறங்குவதாக அவளுக்குத் தோன்றும்படி முருகன் குழந்தை உருவெடுத்துப் படுத்ததால் அவள் விலகிச் சென்றதாகவும் தலபுராணம் கூறுகிறது. அருணகிரிநாதரின் திருப்புகழில் இத்தலம் இடம்பெறுகிறது. 15ஆம் நூற்றாண்டு அளவிலேயே பூம்பாறை அறியப்பட்ட ஊராக இருந்தது என்பதற்கு இது சான்று.

மூலவர் சிலையைப் போகர் பாஷாணக் கலவையால் செய்தார் என்பது மரபு நம்பிக்கை. பழனி மூலவரையும் அவரே நவபாஷாணத்தில் உருவாக்கினார் என்று நம்பப்படுகிறது. போகர் சீனத்துக்குச் சென்று வந்தவர் என்றும், சீனத்திலிருந்து வந்தவர் என்றும் இருவேறு கதைகள் வழங்குகின்றன. இவற்றை உறுதிப்படுத்தும் வரலாற்றுச் சான்று இல்லை. எனினும் தொலைதேசத்து மருத்துவமும் இரசவாதமும் இம்மலையை வந்தடைந்தன என்ற நினைவு இக்கதைகளில் பொதிந்திருக்கக் கூடும்.

ஆண்டுதோறும் நடைபெறும் தேரோட்டம் மேல்மலை ஊர்கள் பலவற்றின் மக்களையும் ஒன்று சேர்க்கும் விழா. மலைச் சரிவில் தெருக்கள் ஏறி இறங்குவதால் தேரின் முன்னும் பின்னும் வடம் கட்டப்படும். முன்னால் நிற்பவர்கள் இழுக்க, பின்னால் நிற்பவர்கள் பிடித்து நிறுத்துவர். சமவெளியின் தேர்த்திருவிழா மலையின் நில அமைப்புக்கு ஏற்ப மாறியதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வள்ளியும் கிழங்கும்

முருக வழிபாட்டுக்கும் மலைக்குடி வாழ்வுக்கும் உள்ள தொடர்பு வள்ளியின் கதையில் தெளிவாகிறது. வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கண்டெடுக்கப்பட்டு, மலைக்குறவரால் வளர்க்கப்பட்டு, தினைப்புனம் காத்தவள் வள்ளி. கிழங்கு அகழ்வதும் தினை காப்பதும் குறிஞ்சி நில மக்களின் அன்றாடப் பணிகள். பளியர் இன்றும் அகழும் கிழங்கின் பெயரையே தெய்வத்தின் துணைவியும் தாங்கியிருக்கிறாள். அடிவாரத்தின் பெருங்கோயிலும் காட்டின் உணவும் இந்தக் கதையில் ஒன்றாகின்றன.

மலைப்பூண்டும் படிக்கட்டு வயலும்

பூம்பாறையும் அண்டை ஊர்களும் மலைப்பூண்டுக்குப் பெயர் பெற்றவை. சரிவில் கல்லும் மண்ணும் கொண்டு வரப்பு எழுப்பி, ஒவ்வொரு படியிலும் நீர் தேங்காமல் வடியும்படி வயல்கள் அமைக்கப்பட்டுள்ளன. பெய்யும் மழையின் வேகத்தைக் குறைத்து மண் அரிப்பைத் தடுப்பது இவ்வமைப்பின் பயன். அறுவடை செய்த பூண்டு கொத்துக்கொத்தாகக் கட்டிப் புகையூட்டிப் பதப்படுத்தப்படுகிறது. இதனால் அது நீண்ட நாள் கெடாமல் இருக்கும். கடுமையான காரமும் மணமும் கொண்ட இப்பூண்டு நாட்டு மருத்துவத்தில் விரும்பப்படுகிறது.

கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மலையின் மேற்குச் சரிவில் விளையும் காந்தளூர், வட்டவடைப் பூண்டும் பின்னர் இக்குறியீட்டைப் பெற்றது. மாநில எல்லை பிரித்தாலும் இருபுறமும் வாழும் தமிழ் வேளாண் குடிகளின் பயிர் அறிவு ஒன்றே என்பதை இது காட்டுகிறது. கீழ்மலையில் விளையும் விருப்பாட்சி மலை வாழையும், அதைக் கொண்டு செய்யப்படும் பழனி பஞ்சாமிர்தமும் புவிசார் குறியீடு பெற்றவை.

ஐரோப்பியர் வருகைக்குப் பின்

1821-ல் நில அளவையாளர் பி. எஸ். வார்டு இம்மலையை அளந்து குறிப்பெழுதினார். 1845-ல் அமெரிக்க மதப்பணியாளர்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். 1863-ல் வெரே ஹென்றி லெவிஞ்ச் ஏரியை உருவாக்கினார். சமவெளியின் வெப்பத்திலிருந்து தப்ப விரும்பியவர்களின் ஊராகக் கொடைக்கானல் வளர்ந்தது.

இந்த மாற்றம் மலையின் பொருளியலைத் திருப்பிப் போட்டது. உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, கேரட், பேரி, பிளம்ஸ் ஆகியவை பயிரிடப்பட்டன. பழைய சிறுதானியங்களின் பரப்பு குறைந்தது. புல்வெளிகளிலும் சோலைகளின் ஓரங்களிலும் வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்கள் நடப்பட்டன. காடு அரசின் உடைமையானதால், காட்டில் கிழங்கு அகழ்ந்து தேன் எடுத்து வாழ்ந்த பளியரின் வாழ்க்கை பிறர் அனுமதிக்கும் அளவுக்குள் சுருங்கியது. காட்டுப் பொருட்கள் குத்தகைக்கு விடப்பட்டன. சேகரித்தவர்களுக்குக் கூலி மட்டுமே கிடைத்தது.

பிற நாடுகளில் இதே சிக்கல்

எழுதி வைக்காத மக்களின் வரலாற்றைப் பிறரின் எழுத்திலிருந்து மீட்க வேண்டிய நிலை பழனி மலைக்கு மட்டும் உரியதன்று. தென் சீனத்திலும் வட வியட்நாமிலும் வாழ்ந்த பல குடிகளை வடக்கின் அரசுகள் பாய்யுவே, அதாவது நூறு யுவே என்ற ஒரே பெயரால் அழைத்தன. அவர்கள் ஒரே இனத்தவர் அல்லர். வெவ்வேறு மொழிகளும் வழக்கங்களும் கொண்டவர்கள். உடலில் பச்சை குத்துவதும், முடியைக் குறைத்துக்கொள்வதும், நீரில் வாழப் பழகியிருப்பதும் அவர்களின் அடையாளங்களாக வடவரின் ஏடுகளில் எழுதப்பட்டன. குன்றில் வாழ்ந்த பல குடிகளையும் குறவர், வேட்டுவர் என்ற பொதுப்பெயர்களுக்குள் சமவெளி அடக்கியதோடு இது ஒப்பிடத்தக்கது.

யுவே மக்களைப் பற்றிய அறிவைத் தொல்லியல் விரிவாக்கியது. பொ.யு.மு. 204 முதல் 111 வரை நிலவிய நான்யுவே அரசின் மன்னர் ஒருவரின் கல்லறை 1983-ல் குவாங்சோ நகரில் கட்டுமானப் பணியின்போது வெளிப்பட்டது. அந்த இடத்திலேயே அருங்காட்சியகம் அமைக்கப்பட்டது. கொரியாவின் கோச்சாங், ஹ்வாசுன், கங்வா ஆகிய இடங்களின் கல்திட்டைகள் 2000-ல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. பழனி மலையின் கல்திட்டைகளும் அதே வகையைச் சேர்ந்த பெருங்கற்சின்னங்களே.

இன்றைய நிலை

பழனி மலைக் கல்திட்டைகள் பல தனியார் தோட்டங்களிலும் காட்டு ஓரங்களிலும் உள்ளன. பலகைக் கற்கள் வீடு கட்டவும் வரப்பு எழுப்பவும் எடுத்துச் செல்லப்பட்டுள்ளன. புதையல் இருக்கும் என்ற நம்பிக்கையில் சில தோண்டப்பட்டன. சுற்றுலாவும் கட்டடங்களும் பெருகுவதால் எஞ்சியவையும் ஆபத்தில் உள்ளன. ஒரு மூடுகல் நகர்த்தப்பட்டால் அதன் திசை, அடுக்கு, உள்ளிருந்த பொருட்களின் இடம் ஆகிய சான்றுகள் அனைத்தும் அழிகின்றன. அவற்றைத் திரும்ப அமைக்க இயலாது.

பளியரின் நிலை வேறு வகையான சிக்கல் கொண்டது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. 2013-ல் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் மரபாக வாழ்ந்தவர்களுக்கு வாழிடம், பயிர்நிலம், சிறுவனப் பொருட்கள் ஆகியவற்றின் மீது உரிமை அளிக்கிறது. ஆனால் உரிமையை நிறுவ மரபான வாழ்வுக்குச் சான்று தேவை. ஒரே இடத்தில் தங்காமல், கட்டடம் எழுப்பாமல், எவரோடும் மோதாமல் வாழ்ந்தவர்களுக்குச் சான்று காட்டுவது கடினம். கிழங்கு அகழ்ந்த இடங்கள், தேன் பாறைகள், பளிச்சியம்மன் கற்கள் ஆகியவற்றின் பெயர்களும் அவற்றை அறிந்த முதியவர்களின் நினைவும் இங்கே பண்பாட்டுச் செய்திகளாக மட்டும் இல்லை, உரிமைக்கான ஆதாரங்களாகவும் ஆகின்றன. முதியோரின் சாட்சியத்தையும் ஆதாரமாக ஏற்க இச்சட்டத்தின் விதிகள் இடமளிக்கின்றன.

பூம்பாறையில் மரபு வேறு வடிவில் சோதனைக்கு உள்ளாகிறது. படிக்கட்டு வயல்கள் சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் காட்சியாகிவிட்டன. ஆனால் அக்காட்சி நிலைக்க ஒவ்வோர் ஆண்டும் மழைக்குப் பின் சரிந்த வரப்புகளை யாரேனும் கட்ட வேண்டும். பூண்டின் விலை சரிந்தாலும், இளையோர் வேலை தேடி இறங்கிச் சென்றாலும், வயல் விடுதியானாலும் அந்தப் பணி நின்றுவிடும். புவிசார் குறியீடு பூண்டின் பெயரைக் காக்கும். அந்தப் பெயருக்குரிய வயலைக் காக்க அங்கே தொடர்ந்து பயிர் செய்யும் மனிதர்கள் வேண்டும்.

மதிப்பீடு

பழனி மலையின் பண்பாடு ஒரே குடியின் உருவாக்கம் அல்ல. பெயர் தெரியாத பெருங்கற்கால மக்கள், காட்டைத் தோண்டியும் மீண்டும் முளைக்க விட்டும் வாழ்ந்த பளியர், பிறர் நிலத்தில் உழைத்த புலையர், சரிவை வயலாக்கிய குன்னுவர், அடிவாரத்திலிருந்து வந்த வணிகர்கள் எனப் பலரின் அடுக்குகள் இதில் உள்ளன. கல்திட்டைகளைக் கட்டியவர்களின் நேரடி வழித்தோன்றல்கள் யார் என்று எந்த ஒரு சமூகத்தையும் சுட்டிக்காட்டப் போதிய சான்று இல்லை. சமவெளி எழுதிய வரலாற்றில் மலை பெரும்பாலும் ஒரு திணையாகவும் ஒரு திருத்தலமாகவும் ஒரு கோடை வாசத்தலமாகவும் மட்டுமே இடம்பெற்றது. அதை வாழிடமாகக் கொண்டவர்களின் பார்வையிலிருந்து எழுதப்பட வேண்டிய பகுதி இன்னும் பெரியது. அதற்கான சான்றுகள் தாண்டிக்குடியின் கற்களிலும், பளியரின் இடப்பெயர்களிலும், பூம்பாறையின் வரப்புகளிலும் உள்ளன.